முட்டைத் தட்டில் முப்பது வாய்கள்

ஒரு நாளைக்கு நாலு வினாடி. அதற்கு மேல் பொம்மையக்காவிடம் யாரும் எதிர்பார்க்கக் கூடாது.

சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வினாடிப் படத்துக்குப் பன்னிரண்டு போட்டோ. பொம்மையின் கையை ஒரு நூலளவு நகர்த்த வேண்டும், விலகி நிற்க வேண்டும், கேமராவை அமுக்க வேண்டும், மறுபடியும் நகர்த்த வேண்டும். நாலு வினாடிக்குள் நாற்பத்தெட்டு தடவை குனிந்து நிமிர்ந்தாகிவிடும். காலை ஐந்தரை மணிக்கு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, இரண்டு மேசை விளக்குகளை ஏற்றிக்கொண்டு நின்றால், எட்டு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவாள். பிறகு குளித்துவிட்டு வேலைக்குப் போவாள். பதினோரு வருஷத்தில் ஒன்பது படம் எடுத்திருக்கிறாள். எல்லாவற்றையும் ஒட்டவைத்துப் பார்த்தால் முப்பத்தொரு நிமிடம். காயப்போட்ட துணிகூட அதற்குள் காயாது.

வேலை, பல்செட் செய்யும் லேபில். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காய்ச்சி, மெழுகில் ஈறு வடித்து, பல்லைப் பல்லாக நட்டு அனுப்புவாள். இருபத்தேழு வருஷமாக அதுதான். ஊரில் பாதிப் பேர் இவள் தயவில்தான் கடிக்கிறார்கள், ஆனால் ஒருவருக்கும் இவளைத் தெரியாது. படம் எடுக்கும் பைத்தியம் பிடித்ததும் அங்கேதான். ஒரு மத்தியானம் தட்டில் பற்களை வரிசை பிடிக்கும்போது, சரியாக வருகிறதா பார்க்க போனில் போட்டோ எடுத்துக்கொண்டே போனாள். பிறகு அவற்றை விரலால் சர்ரென்று தள்ளிப் பார்த்தால், பற்கள் நடந்தன! ஒன்றன் பின் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா போவது மாதிரி நடந்தன. முதல் படம் அதுதான். அதன் பிறகு கண்ணாடித் தட்டில் மணலைப் பரப்பி, அடியில் விளக்கு வைத்து ஒன்று எடுத்தாள். கிழித்த கடித உறைகளை வைத்து ஒன்று. பொத்தான்கள் சண்டை போடுகிற ஒன்று, அது அவளுக்கே பிடிக்காது.

ஒன்பது படத்திலும் ஒருவரும் பேசியதில்லை.

அந்த ஒன்பதுக்கும் சேர்த்துப் பேச வீட்டுக்கு ஓர் ஆள் வந்தான். அவள் தம்பி. அவளைவிட மூன்று வயது சின்னவன், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, கிளச்சு சார் என்றால் தெரியும். கார் எந்தத் தெருவில் போகிறது என்பதை அடுத்த தெருவிலிருந்தே சொல்லிவிடலாம், அப்படி ஒரு குரல். "கிளச்சு! கிளச்சு!" என்று அவன் கத்தினால் நடந்து போகிறவன்கூடக் காலைத் தூக்குவான். தொண்டை கரகரக்கிறது என்று ஆறு மாதத்துக்கு முன் விடுப்பு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டில் தங்க வந்தவன், தங்கிவிட்டான். அக்காவும் தனி ஆள், தம்பியும் தனி ஆள். இருவரும் ஒரே வீட்டில் இருப்பது முப்பது வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான். அவனுக்கு எல்லாம் உடனே நடக்க வேண்டும். அவள் செய்வதைக் கதவோரம் நின்று பார்ப்பான்.

"அக்கா, உன் பொம்மை ஒரு கொட்டாவி விட ஒரு வாரம் ஆகுமா?"

"ஆகும். உனக்கென்ன?"

"அதுக்குள்ள தூங்கியே எழுந்துடலாமே."

பிறகு டாக்டர் உண்மையைச் சொன்னார். தொண்டையில் இருப்பது நல்ல கட்டி இல்லை. குரல்பெட்டியையே எடுத்துவிட வேண்டும். உயிருக்குப் பயமில்லை, சாப்பிடலாம், நடக்கலாம், கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு வரும். சத்தம் மட்டும் வராது. ஐந்து மணி நேரத் தூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில், மூன்று வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள்.

எத்தனையோ அந்நியர் வாய்க்குப் பல் நட்டுக் கொடுத்தவள், இந்த வாயிலிருந்து வருவதை ஒருநாளும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லையே என்று அக்காவுக்குத் தோன்றியது. அவன் குரல் எங்கேயும் போகாது என்று இருந்துவிட்டாள்.

பத்தாவது படத்துக்கு அவள் மனதில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிலிருக்கும் நிஜ மர நாற்காலி ஒன்று, அதன் மேல் உள்ளங்கை உயர மெழுகு வாத்தியார். அவர் நாற்காலிக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். நாற்காலி தத்தித் தத்தி ஒவ்வோர் அறையாகப் போகிறது. வானம் காகிதத்தில் வரைந்தது, புகை பஞ்சு. வாத்தியார் பேச வேண்டும் என்றால் வாய் வேண்டும். ஆ-வுக்கு ஒரு வாய், ஊ-வுக்கு ஒன்று, பல் கடித்தால் ஒன்று, உதடு மூடினால் ஒன்று. சொல்லுக்குத் தகுந்தபடி கழற்றிக் கழற்றி மாட்ட வேண்டும். இதுவரை பயந்து ஒதுக்கிய வேலை. இப்போது இரண்டு வாரம் கண்ணாடியில் தன் வாயைப் பார்த்துப் பார்த்து முப்பது வாய் செய்தாள். மெழுகில் எண்ணெய்க் களிமண் கலந்த கலவை, வெயிலுக்கு இளகிவிடும். அதனால் முட்டைத் தட்டில் குழிக்கு ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்தாள். தம்பி ஒருநாள் முட்டை எடுக்கப் போய்ப் பதறிவிட்டான்.

வாயெல்லாம் தயார். குரல்தான் வரவில்லை. இந்த வேலையில் குரல் முதலில் வர வேண்டும். அதைக் கேட்டுத்தான் எந்த வினாடியில் எந்த வாய் என்று கணக்கிட முடியும். ஆபரேஷனுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"டேய், எனக்கு உன் குரல் வேணும்."

"எதுக்கு, ஊறுகா போடவா?"

"படத்துக்குடா."

"இந்தக் கரகரப்பையா? நல்லா இருந்தப்ப கேட்டிருக்கலாம்ல." எழுந்து போய்விட்டான். அவன் சொன்னது நியாயம்தான். அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்றது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவள் மறுபடி கேட்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு டாக்சி வரும். பத்து மணிக்கு அவனே வந்து நாற்காலி முன்னால் நின்றான்.

"எங்க உக்காரணும்? சீக்கிரம் சொல்லு."

அக்கா ஓடினாள். ஃபேனை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள். சமையலறையில் ஃபிரிட்ஜின் ஸ்விட்சை அணைத்தாள், அது உறுமினால் ஒலிப்பதிவில் வண்டு குடைவது போல் கேட்கும். அணைத்த கையோடு வீட்டுச் சாவியை எடுத்து ஃபிரிட்ஜுக்குள், முட்டைத் தட்டின் மேல் வைத்தாள். இது அவளாகக் கண்டுபிடித்த முறை. முன்பு ஒருதடவை பொத்தான் சத்தம் பதிவு செய்யும்போது அணைத்த ஃபிரிட்ஜை மறந்து, பாலெல்லாம் கெட்டுப்போனது. சாவியை உள்ளே வைத்துவிட்டால் அதைத் திறக்காமல் வீட்டைவிட்டு வெளியே போக முடியாது. திறந்தால் உள்ளே விளக்கு எரியாது, உடனே நினைவு வந்துவிடும். இன்றுவரை தவறாத முறை.

எழுதி வைத்த தாளைக் கொடுத்தாள். 'நாற்காலியே, நீ மரமாக நின்ற காலத்தை நினைத்துக்கொள்' என்று ஆரம்பிக்கும். அவன் அதை மருந்துச் சீட்டுப் படிப்பது மாதிரி படித்தான். நாலு வரியில் நிறுத்தினான்.

"அக்கா, கோச்சுக்காத. நாற்காலிகிட்ட எவனாவது இப்படிப் பேசுவானா?"

"பின்ன எப்படிப் பேசுவான்?"

அவன் ஒரு ஸ்டூலை இழுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். வலது பாதத்தைத் தரையில் லேசாக ஊன்றினான், வாத்தியார் சீட்டுக்கு அடியில் இருக்கும் இன்னொரு பிரேக் மேல் வைத்திருப்பது போல. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"வா, உக்காரு. அட, நீயே நாற்காலி, உனக்கெதுக்கு உக்கார்றது? சரி, நில்லு. என்னைப் பார்க்காத, நான் ஒண்ணும் அழகன் இல்ல. ரோட்டைப் பாரு. கிளச்ச அமுக்கு. கியரப் போடு. இப்ப மெதுவா விடு... மெதுவா... மெதுவான்னு சொன்னேன்ல! ஆஃப் ஆயிடுச்சா? ஆகட்டும். எல்லாருக்கும் ஆகும். பின்னாடி ஹார்ன் அடிக்கிறவன் அடிச்சுக்கிட்டே இருக்கட்டும், அவனும் ஒருநாள் நடுரோட்டுல நின்னவன்தான். திரும்ப ஸ்டார்ட் பண்ணு. நாலு காலையும் ஒண்ணா தூக்காத, ஒவ்வொண்ணா. பயந்தா பயந்துக்கோ, ஸ்டியரிங்க மட்டும் விட்டுடாத. இங்க என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. நான் பக்கத்துலதான் இருக்கேன்."

அங்கே இருமல் வந்துவிட்டது. அக்கா பொத்தானை அமுக்கினாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சுடா."

அதை உடனே இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தினாள். அதற்குள் டாக்சிக்காரர் கீழே ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார், அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார். மருந்துப் பை, ஸ்கேன் கவர், துணிப்பை என்று அள்ளிக்கொண்டு அவள் முன்னால் இறங்கினாள். தம்பி பின்னால் வந்தான்.

"பூட்டுனியா?"

"பூட்டிட்டேன். சாவி உன் பையிலதான் இருக்கு."

அவள் மனம் முழுக்க வியாழக்கிழமையில் இருந்தது. அவன் சொன்னது பதியவேயில்லை, சாவி எங்கே கிடைத்தது என்று கேட்கவும் தோன்றவில்லை.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. பன்னிரண்டு நாள் அங்கேயே இருந்தார்கள், பகலில் ஆஸ்பத்திரி, ராத்திரி அவளுக்கு எதிர் விடுதி. தையல் ஆறியது, துளை வழியாக மூச்சுவிடப் பழகினான், கஞ்சி மாதிரி எதையாவது குடித்தான். ஒன்றுதான் நடக்கவில்லை. பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா தினமும் வந்து கெஞ்சுவார். "உதட்டை அசைச்சுப் பேசுங்க சார். சத்தம் வராட்டிப் பரவாயில்ல. நாக்கும் உதடும் மறந்துடக் கூடாது. பேச உதவுற கருவி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்." அவன் உதட்டை இறுக மூடிக்கொள்வான். காற்றே வராத வாயை எதற்குத் திறப்பது என்று வெட்கம். எழுதிக் காட்டச் சிலேட்டு கொடுத்தார்கள், அதன் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. தெருவையே அதிரவைத்தவன் இரண்டு தட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டான். இப்படியே இருந்துவிடுவானோ என்று அக்காவுக்குப் பயம் பிடித்தது. குரல் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், ஆளே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் யார் தாங்குவது?

பதின்மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல வெயில் காலம், மேல்மாடி வீடு, பூட்டிக் கிடந்தது. கதவைத் திறந்ததுமே நாற்றம் வரவேற்றது. சமையலறைத் தரையில் தண்ணீர் ஓடிக் காய்ந்த தடம். அக்கா ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை.

பால், காய் எல்லாம் போகட்டும். முட்டைத் தட்டில் முப்பது வாயும் இளகி, குழிக்குள் உட்கார்ந்து, மேலிருந்து சொட்டிய தண்ணீரில் ஊறி, எது ஆ எது ஊ என்றே தெரியவில்லை. முப்பதும் ஒரே மாதிரி அசட்டுத்தனமாகப் பார்த்தன.

குரல் பத்திரமாக இருந்தது. வாய்தான் போய்விட்டது.

அவள் ஆஸ்பத்திரியில் ஒருநாளும் அழவில்லை. இப்போது சமையலறைத் தரையில் உட்கார்ந்து முட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "சாவிய உள்ளதானே வெச்சேன். எப்படி மறந்தேன்? அதுக்குத்தானே வெக்கிறது. சாவிய எடுக்கும்போது பார்த்திருப்பேனே... எனக்குப் புத்தி எங்க போச்சு? எனக்கு வயசாயிடுச்சுடா, ஒண்ணும் நினைப்புல நிக்கல." 

தம்பி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான். அவனுக்கு இப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு அவள் இறங்கிப் போனதும் சாவியைத் தேடினான். ஆணியில் இல்லை, மேசையில் இல்லை. போகிற வழிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்கலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தவன், வாய்களுக்கு நடுவில் சாவி கிடப்பதைப் பார்த்தான். பாவம் அக்கா, என்னை நினைத்துப் பதறிப்போய் எதை எங்கே வைக்கிறோம் என்றே தெரியாமல் வைத்திருக்கிறாள் என்று உருகிப்போனான். சொன்னால் வெட்கப்படுவாள் என்று, தானே பூட்டி, கீழே வந்து அவள் பையில் சத்தமில்லாமல் போட்டுவிட்டான். விளக்கு எரியாததை யார் கவனித்தார்கள், பட்டப்பகலில்?

அவன் கதவில் ஒரு தட்டு தட்டினான். அவள் நிமிரவில்லை. இரண்டு தட்டு தட்டினான்.

"என்ன இல்ல? எல்லாம் என் தப்புதான்."

இன்னும் இரண்டு. அவள் பார்க்கவேயில்லை. ஆமாம் என்றும் இல்லை என்றும் தட்டலாம், சாவியை எடுத்தது நான் என்று எப்படித் தட்டுவது? சொல்லாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் ஆயுசுக்கும் தன் மறதியை நினைத்து நொந்துகொண்டிருப்பாள். அது அவனால் முடியவில்லை. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். அவள் மோவாயைப் பிடித்துத் தன் முகத்தைப் பார்க்கும்படி நிமிர்த்தினான். வாயைத் திறந்தான்.

சத்தமே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நாக்கு மேல் பல்லில் ஒட்டியது, வாய் அகலத் திறந்தது, நாக்கு மறுபடி மேலே போனது. நான். பிறகு சாவி. பிறகு எடுத்தேன்.

"நீயா?"

ஒரு தட்டு தட்டப் போனவன், கையை மடக்கிக்கொண்டு, உதட்டாலேயே சொன்னான். ஆமா.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இரண்டு வார உழைப்பு. ஆனால் பன்னிரண்டு நாளாக மூடிக்கிடந்த வாய் திறந்திருக்கிறது என்பதுதான் அவளுக்கு முதலில் பட்டது. இன்னொன்றும் பட்டது, அது அவள் தொழில்புத்தி. தான் கண்ணாடியில் பார்த்துச் செய்த வாய்க்கும் இந்த வாய்க்கும் சம்பந்தமே இல்லை! இவனுக்கு இடது ஓரம் கொஞ்சம் இறங்கும். ஆ சொல்லும்போது கீழ்ப்பல் தெரியும், மேல்பல் தெரியாது. அவன் குரலுக்குத் தன் வாயை மாட்டப் போயிருந்தாள். 

"மூட்டை மூட்டையா அபராதம் போடணும் உனக்கு," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "முப்பது வாயையும் நீதான் திருப்பித் தரணும்."

மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தார்கள். பதிவைப் போட்டாள். பதிவான தன் குரலைத் தம்பி அன்றுதான் முதலில் கேட்டான். முதல் தடவை சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான், அவள் நிறுத்திவிடலாமா என்று யோசித்தாள். இன்னொரு தடவை போடு என்று விரலைச் சுழற்றினான். மூன்றாம் தடவை உதடு கூடவே போனது.

தினமும் அரைமணி நேரம். அவள் மேசை மேல் கலவையை வைத்துக்கொண்டு, "திரும்பச் சொல்லு, கி-யில நில்லு" என்பாள். அவன் கி-யில் நிற்பான், உதட்டை இழுத்து, கண் இமைக்காமல். கொட்டாவிக்கு ஒரு வாரமா என்று கேட்ட மனிதன் ஒரு 'மெதுவா'வுக்கு மூன்று நாள் உட்கார்ந்தான். அவளுக்குப் புரியாவிட்டால் மறுபடி சொல்வான், இன்னும் நிறுத்தி, இன்னும் தெளிவாக. சில நாளில் பதிவில் இல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். காபியில் சர்க்கரை இல்லை, செய்தித்தாளைக் கொடு, உன் விளக்கு கண்ணில் குத்துகிறது. அவள் வாயைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவாள். அடுத்த மாதம் பேச்சுப் பயிற்சி அம்மா பார்த்துவிட்டு, "என்ன செஞ்சீங்க இவரை?" என்று ஆச்சரியப்பட்டார். "களிமண்ணால அடிச்சோம்," என்றாள் அக்கா. ஆனால் வெளி ஆட்களிடம் அவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரரிடம் விரல், அண்டை வீட்டாரிடம் தலையாட்டல், அவ்வளவுதான்.

முப்பதாக இருந்தது முப்பத்து நாலானது. முட்டைத் தட்டில் இடமில்லாமல் நாலை ஒரு கிண்ணத்தில் வைத்தாள். படம் முடிய ஐந்து மாதம் ஆனது.

நூலகத்தின் மாடியில் மாதக் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் குறும்படம் போடுவார்கள். இருபத்தைந்து நாற்காலி, ஒரு வெள்ளைத் திரை. தம்பி கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு ஓர நாற்காலிக்கு அடுத்ததில் உட்கார்ந்தான். அக்கா இரண்டு நாற்காலி தள்ளி, திரையைப் பார்க்கப் பயந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகு வாத்தியார் வாயைத் திறந்தார். அந்தக் குரல் அறை முழுக்கப் போனது. 'நான் ஒண்ணும் அழகன் இல்ல' என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாற்காலி ஆஃப் ஆகி நடுக்கூடத்தில் நின்றபோது சிரிப்பு அடங்கியது. 'நான் பக்கத்துலதான் இருக்கேன்' என்று முடிந்ததும் கைதட்டினார்கள்.

ஓர நாற்காலியில் ஒரு நடுவயதுக்காரர், முன்பின் தெரியாதவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தம்பி பக்கம் சாய்ந்தார்.

"யாருங்க இந்தக் குரல்? அசல் டிரைவிங் வாத்தியாரேதான்!"

தம்பி தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வான் என்றுதான் அக்கா நினைத்தாள். அவன் அவரை நேராகப் பார்த்தான். நாக்கு மேல் பல்லில் ஒட்டியது. வாய் திறந்தது, இடது ஓரம் கொஞ்சம் இறங்கியது. எட்டாம் நம்பர் வாய், ஒன்றாம் நம்பர் வாய், மறுபடி எட்டு. அவள் கையால் வடித்தவை.

நான்.

அவர் அந்த உதட்டைப் பார்த்தார், கழுத்துத் துணியைப் பார்த்தார். "நீங்களா!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், பதினஞ்சு வருஷமா லைசென்ஸ் வெச்சிருக்கேன். இன்னும் எனக்கு ரிவர்ஸ் வரல சார்."

தம்பி சிரித்தான். பிறகு நிறுத்தி நிறுத்தி, அவருக்குப் புரியும்படி மெதுவாக, உதட்டால் ஒரு வாக்கியம் முழுசாகச் சொன்னான். அவருக்கு முதல் தடவை பிடிபடவில்லை. முகம் சுளிக்காமல் இன்னொரு தடவை சொன்னான். இரண்டு நாற்காலி தள்ளியிருந்த அக்காவுக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. ஞாயித்துக்கிழமை வாங்க, காரோட வாங்க.

அடுத்தவருடைய படம் ஓட ஆரம்பித்திருந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை.